ஹவாயின் பக்க மிதவை வள்ளம்: ஆணியில்லாமல் ஒரு மாதிரியைச் செதுக்கிக் கட்டும் முழுமையான வழிகாட்டி

கடைகளில் அழகுப்பொருளாக விற்கும் பாலினேசிய வள்ளங்களை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வள்ளத்தின் ஒரு பக்கத்தில், குறுக்குக் கம்புகளின் நுனியில் நிற்கும் மிதவைக்கட்டை பசையில் ஒட்டியிருக்கும். அதன் மேல் நாலு சுற்று நூல் வெறும் அலங்காரமாகக் கிடக்கும். நூலை வெட்டி எறிந்தாலும் அந்த வள்ளத்துக்கு ஒன்றும் ஆகாது. உண்மையான வள்ளத்தில் கயிறு அறுந்தால் மரங்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். பாலினேசியர்கள் பெருங்கடலைக் கடந்தது தேங்காய் நார்க் கயிற்றின் பிடியை நம்பித்தான். எனவே இந்த வழிகாட்டியில் ஒரு விதியை மட்டும் கடைசி வரை தளர்த்தப் போவதில்லை. மிதவையையும் குறுக்குக் கம்புகளையும் நூல்தான் பிடித்திருக்க வேண்டும். அந்த இணைப்புகளில் ஒரு சொட்டுப் பசையும் கூடாது.

எந்த வள்ளம்?

பாலினேசியா என்பது ஹவாய், ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு), நியூசிலாந்து மூன்றையும் மூலைகளாகக் கொண்ட பெரிய கடல் முக்கோணம். வள்ளத்துக்கு ஹவாயிலும் டஹிட்டியிலும் சமோவாவிலும் ‘வஅ’ என்று பெயர். குக் தீவுகளில் அதுவே ‘வக்கா’, நியூசிலாந்தின் மாவோரிகளிடம் ‘வாக்கா’. சொல் ஒன்றாக இருந்தாலும் கட்டுமானம் தீவுக்குத் தீவு மாறும். சமோவாவில் குறுக்குக் கம்புக்கும் மிதவைக்கும் நடுவே சிறு முளைக்குச்சிகள் நிற்கும். டஹிட்டியில் முன்கம்பு தடித்து விறைப்பாக இருக்கும், பின்கம்பு மெலிந்து வளைந்து இறங்கும். ஹவாயில் இரண்டு கம்புகளும் வில்லாக வளைந்து மிதவையின் முதுகில் நேராக அமர்ந்து கட்டப்படும். முதல் முறை செய்கிறவருக்கு ஹவாய் முறையே நல்லது. உறுப்புகள் குறைவு, கட்டுகள் தெளிவாகத் தெரியும், கோடுகளும் மிக அழகு.

இரட்டை வள்ளத்தை இப்போது தொட வேண்டாம். 1975 இல் வெள்ளோட்டம் விட்ட ஹோக்கூலேஆ அந்த வகை. மைக்ரோனேசியாவின் சத்தவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக் கருவி ஏதுமின்றி விண்மீனையும் அலையையும் பார்த்து 1976 இல் அதை ஹவாயிலிருந்து டஹிட்டிக்கு நடத்திப் போனார். அதன் மாதிரியைச் செய்ய ஆசை வருவது இயல்புதான். ஆனால் இரண்டு உடல்களை ஒன்றுபோலச் செதுக்கும் கை, ஒன்றைச் செதுக்கிப் பழகிய பிறகே வரும்.

இந்த வகை இரட்டை உடல் படகுகளுக்கு ஆங்கிலேயர் வைத்த ‘கேட்டமரான்’ என்ற பெயர் நம் ‘கட்டுமரம்’ என்ற சொல்லிலிருந்து போனது. பெயர் மட்டும்தான் போனது. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டும் நம் கட்டுமரம் வேறு, குடைந்த உடல் கொண்ட அவர்கள் வள்ளம் வேறு. பக்க மிதவை கொண்ட வள்ளத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் இலங்கையின் கடலோரத்துக்குப் போனால் போதும். சிங்கள மீனவர்களின் ‘ஓரு’ அந்த வகைதான்.

அளவும் வரைபடமும்

ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல் (இது நீள அளவு, கட்டும் நூல் அல்ல) என்பதால் மனக்கணக்கிலேயே வேலை ஓடும். நாம் எடுப்பது 26 அடி மீன்பிடி வள்ளம். நான் பயன்படுத்தும் அளவுகள்:

உடல்: நீளம் 26 அங்குலம், நடு அகலம் 1½ அங்குலம், ஆழம் 1¾ அங்குலம்.
விளிம்புப் பலகை: உயரம் 4 நூல், கனம் 1 நூல்.
குறுக்குக் கம்புகள்: இரண்டு, ஒவ்வொன்றும் 8 அங்குலம், தடிமன் 2 நூல்.
கம்புகளின் இடம்: முகப்பிலிருந்து 9, 17 அங்குலங்களில்.
மிதவை: நீளம் 14 அங்குலம், தடிமன் 6 நூல். முன்கம்புக்கு முன்னால் 4 அங்குலமும் பின்கம்புக்குப் பின்னால் 2 அங்குலமும் நீண்டிருக்கும்.
உடலின் நடுக்கோட்டிலிருந்து மிதவையின் நடுக்கோடு வரை: 5½ அங்குலம்.

அகலத்தைப் பார்த்ததும் ‘இவ்வளவு ஒல்லியா?’ என்று தோன்றும். ஆம், இவ்வளவு ஒல்லிதான். கடை பொம்மைகள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். கண்ணுக்கு நிறைவாக இருக்கட்டும் என்று வயிற்றை அகட்டிவிடுகிறார்கள். இந்த வள்ளம் ஒல்லியாக இருப்பதால்தான் வேகமாகப் போகிறது. ஒல்லியாக இருப்பதால்தான் தனியே நிற்க முடியாமல் மிதவையைத் தேடுகிறது. வள்ளம் இடப்பக்கம் சாய்ந்தால் மிதவை நீரில் அமிழ மறுத்து மேலே தள்ளும். வலப்பக்கம் சாய்ந்தால் அதே மிதவையின் எடை கீழே இழுக்கும். அது மீறினால் கவிழும். அதற்கு ஹவாயில் ‘ஹூலி’ என்று பெயர். ஹவாயில் மிதவை எப்போதும் இடப்பக்கம். முகப்பைப் பார்த்து உட்கார்ந்தால் உங்கள் இடக்கைப் பக்கம். வரைபடத்தில் இதைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

சொந்தமாக வரைபடம் தேடுகிறவர்களுக்கு ஒரு வழி. ஓசியானியா எனும் பசிபிக் தீவுகளின் வள்ளங்களைத் தீவு தீவாகப் படத்தோடு விவரிக்கும் மூன்று தொகுதிகளை ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகம் 1936 முதல் 1938 வரை வெளியிட்டது. அதை எழுதிய இருவரில் ஒருவர் ஜேம்ஸ் ஹார்னெல். அவர் சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறை இயக்குநராக இருந்தவர், நம் கடலோரப் படகுகளையும் அக்கறையோடு பதிந்தவர்.

மரம்

ஹவாயில் உடலுக்குக் கோஆ மரம். வேல மரத்தின் இனம், உயர்ந்த மலைக்காடுகளில் வளர்வது. வள்ளத் தச்சர் மரத்தைத் தேர்ந்ததும் எலெபாயோ என்ற சிறு பறவையைக் கவனிப்பார். அது மரத்தில் வந்து அமர்ந்து அங்கங்கே கொத்தினால் உள்ளே பூச்சி இருக்கிறது என்று அந்த மரத்தை விட்டுவிடுவார். அந்தப் பறவையை வள்ளத் தச்சர்களின் தெய்வமான லேயாவின் வடிவம் என்று நம்பினார்கள். பூச்சி தின்னும் பறவை பூச்சியுள்ள மரத்தைத்தான் கொத்தும் என்பதால், அந்த வழிபாட்டுக்குள் நல்ல மர அறிவும் இருந்தது. மரத்தை வெட்டிக் காட்டிலேயே பாதி வடிவம் கொடுத்து, எடை குறைந்த பிறகு கயிறு கட்டிக் கடற்கரைக்கு இழுத்து வருவார்கள். கருவி, மரத்தைக் கொத்திச் செதுக்கும் கல் வாச்சி. மௌனா கேயா மலையில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் அந்த வாச்சிகளுக்கான கல்லை வெட்டியெடுத்த பழைய கல்குவாரி இன்னும் இருக்கிறது.

பெரிய கோஆ இன்று அரிது. 1990களின் தொடக்கத்தில் ஹவாயீலோஆ என்ற இரட்டை வள்ளத்துக்காகக் காடு காடாகத் தேடியும் போதிய பருமனுள்ள இரண்டு மரங்கள் கிடைக்கவில்லை. கடைசியில் அலாஸ்காவின் பழங்குடியினர் தந்த இரண்டு ஸ்ப்ரூஸ் மரங்களில்தான் அது செதுக்கப்பட்டது. மாதிரிக்காகக் கோஆவைத் தருவிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊர் மரங்களே போதும். அவற்றில் சில ஹவாய் மரங்களுக்கு உறவுக்காரர்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

உடலுக்குக் குமிழ். உளிக்கு இணங்கும், காய்ந்த பிறகு அதிகம் நெளியாது. உடலைக் கறுப்பாக்காமல் ரேகை தெரிய விட நினைத்தால் வாகை. கோஆவின் பழுப்புக்கு நெருங்கிய நிறம். ஆனால் கடினம், உளியை அடிக்கடி தீட்ட வேண்டும்.

விளிம்புக்கும் முனைகளுக்கும் ஹவாயில் அஹாகேயா என்ற மஞ்சள் மரம். நம் மஞ்சக்கடம்பு அதே குடும்பம், அதே மஞ்சள். கிடைக்காவிட்டால் பொம்மைக் கடைசலுக்குப் பயன்படும் வெட்பாலை.

குறுக்குக் கம்புக்கு ஹாவ். இது நம் கடலோரக் கழிமுகங்களில் வளரும் நீர்ப்பருத்தியேதான். அது அருகில் இல்லையென்றால் பூவரசின் இளங்கிளை.

மிதவைக்கு விலிவிலி. நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு. காய்ந்தால் கையில் எடை தெரியாது. 2005 இல் ஹவாய்க்குள் நுழைந்த ஒரு சிறு குளவி விலிவிலி இலைகளையும் தண்டுகளையும் கழலை கழலையாக வீங்க வைத்து மரங்களை அழித்தது. அதே குளவி நம் பக்கத்துக் கல்யாண முருங்கையையும் விடவில்லை. வேலியோரம் பட்டுப்போன மரத்தின் கிளை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், உயிருள்ளதை வெட்ட வேண்டாம்.

எல்லா மரமும் நிழலில் ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். உடலுக்கான கட்டையில் மரத்தின் நடுநெஞ்சு வரக் கூடாது. வந்தால் இன்றில்லாவிட்டாலும் அடுத்த கோடையில் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். என் முதல் உடல் அப்படித்தான் முகப்பிலிருந்து நடுவரை வெடித்தது. மூன்று வார வேலை போனது.

கருவிகள்

சிறு ரம்பம், இழைப்புளி, அரை அங்குலத் தட்டை உளி, 2 நூலும் 4 நூலும் அகலமுள்ள, வளைந்த வாய் கொண்ட இரண்டு நகவுளிகள், கொட்டாப்புளி, அரவட்ட அரம், உப்புத்தாள் (80, 150, 240 எண்கள்), கைத் துளைப்பான், ஒரு மில்லிமீட்டர் துளையலகுகள் நாலைந்து, கனம் அளக்கக் காலிபர். வாச்சி இருந்தால் வெளிவடிவத்தைக் கொத்தி எடுக்க உதவும். கட்டையைப் பிடிக்க வைஸ் வேண்டும். ஒரு கையில் கட்டை, மறுகையில் உளி என்று யாரும் இறங்க வேண்டாம்.

முதல் படி: வெளிவடிவம்

27 × 2 × 2¼ அங்குலக் கட்டையை நாலு பக்கமும் இழைத்து மூலமட்டம் வைத்துச் சரிபாருங்கள். மேல்முகத்தில் நடுக்கோடு இழுத்து, அதை இரு முனைகளிலும் அடிமுகத்திலும் தொடருங்கள். இந்தக் கோடு கடைசி வரை அழியக் கூடாது. அழியும் ஒவ்வொரு முறையும் உடனே திரும்பப் போடுங்கள்.

மேலிருந்து பார்க்கும் வடிவத்தையும் பக்கவாட்டு வடிவத்தையும் அட்டையில் வெட்டி, கட்டையில் வைத்து வரையுங்கள். அடிப்பக்கம் முழுக்க நேராக இருக்காது. நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் மெல்ல எழும். முதலில் பக்கவாட்டு வடிவத்தை அறுத்து, பிறகு மேல்வடிவத்தை அறுங்கள். இப்போது சதுரமான, முனை குறுகிய கட்டை கையில் இருக்கும்.

இரண்டு அங்குலத்துக்கு ஒரு குறுக்குவெட்டு அட்டை செய்துகொள்ளுங்கள். ஹவாய் உடலின் குறுக்குவெட்டு உருண்ட அடி கொண்டது. மிக அகன்ற இடம் விளிம்பில் இல்லை, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அங்கிருந்து மேலே போகப் போகச் சுவர் லேசாக உள்ளே சாயும். அந்தச் சாய்வு ஒரு நூலுக்கும் குறைவுதான். ஆனால் அதை விட்டுவிட்டால் ஹவாய் வள்ளம் தொட்டியாகிவிடும்.

நடுவிலிருந்து முனைகளை நோக்கியே உளி போக வேண்டும். முனையிலிருந்து நடுவுக்குத் தள்ளினால் ரேகை பிய்ந்து வரும். அட்டை ஒவ்வோர் இடத்திலும் பொருந்தியதும் அரமும் 80 எண் தாளும் போடுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரு உள்ளங்கைகளாலும் முகப்பிலிருந்து பின்முனை வரை தடவுங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடு பள்ளம் கைக்குத் தப்பாது.

இரண்டாம் படி: குடைதல்

எல்லாவற்றையும்விட நிதானம் தேவைப்படும் வேலை இது. ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

உடல் குப்புற இருக்கும்போது செதுக்கிய வளைவு இப்போது கீழே போகும் என்பதால், அதற்கு ஒரு தொட்டில் வேண்டும். இரண்டு பலகைத் துண்டுகளில் குறுக்குவெட்டு வடிவத்தை வெட்டி, பழைய துணி ஒட்டி, வைஸில் பிடியுங்கள். சுவர்க் கனம் 1 நூல், அடிக்கனம் 1½ நூல் நிற்க வேண்டும். விளிம்புக்கு உட்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

துளையலகில் நிறத்தாள் சுற்றி ஆழ அடையாளம் வைத்து, நடுக்கோட்டின் நெடுக அரை அங்குலத்துக்கு ஒரு துளை போடுங்கள். துளையின் அடி, உடலின் அடியிலிருந்து 2 நூல் மேலே நிற்கட்டும். பிறகு நகவுளியால் துளைக்குத் துளை மரத்தை எடுத்துக்கொண்டே போங்கள். துளையின் அடி மறைந்த இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். மிச்சத்தைக் காலிபர் பார்த்துக் கையழுத்தத்தில் மட்டும் எடுக்க வேண்டும். கொட்டாப்புளியை அப்போது எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது. 9, 17 அங்குல இடங்களில், உட்சுவரின் இரு பக்கமும், விளிம்பிலிருந்து 4 நூல் கீழே ஒரு சிறு மேட்டை மரத்திலேயே விட்டு வையுங்கள். 3 நூல் நீளமும் 1 நூல் துருத்தலும் போதும். ஹவாயில் இதற்குப் ‘பெபெயாவோ’ என்று பெயர், காது என்று பொருள். உள்ளே வரும் தாங்கு வளைவு இந்தக் காதுகளின் மேல்தான் உட்காரும். அவசரத்தில் சீவிவிட்டால் திரும்ப வராது. பின்னால் ஒரு துண்டை ஒட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒட்டிய காது கட்டின் இழுப்பில் பெயர்ந்துவிடும்.

மெல்லிய சுவரானதும் விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குமிழ் மரம் ஒரு நூலுக்குக் கீழே போனால் இளஞ்சிவப்பாக ஒளி கசியும். அந்த இடத்தை அதற்கு மேல் தொடாதீர்கள்.

குடைந்து முடித்த உடலை ஒரு வாரம் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். உள்ளிருந்த ஈரம் வெளியேறும்போது உடல் கொஞ்சம் அகலும் அல்லது ஒடுங்கும். அடங்கிய பிறகு அடுத்ததைத் தொடங்கினால் விளிம்புப் பலகை பொருந்தும்.

மூன்றாம் படி: விளிம்பும் முனைகளும்

விளிம்புப் பலகைக்கு ‘மோஓ’ என்று பெயர். முனைகளில் எழும் மூடிகளுக்கு ‘மானு’. பறவை என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. மானு இரண்டும் தனிக்கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் 4½ அங்குலக் கட்டை எடுத்து, அடிப்பக்கம் உடலின் முனையோடு இடைவெளியின்றிப் பொருந்தும் வரை தேயுங்கள். உடலின் முனையில் கரித்தூள் பூசி, மானுவை வைத்து அழுத்தி எடுத்தால் கரி ஒட்டிய இடம்தான் மேடு. அதை மட்டும் சீவுங்கள். பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். மேற்பக்கத்தின் எழுச்சியை அளவுகோலால் சொல்லித் தர முடியாது. பழைய படங்களை நிறையப் பாருங்கள். ஹவாயில் அது கொக்கின் கழுத்தாக நிமிராது. அடக்கமாகக் கிளம்பி, நுனியில் மட்டும் மேலே பார்க்கும்.

மோஓ பலகையைச் சுடுநீரில் அரைமணி ஊறவைத்து, உடலின் விளிம்போடு துணிக்கவ்விகளால் பிடித்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் ஆறு நூல் இடைவெளிக்கு ஒரு ஜோடி துளை. ஒன்று பலகையில், ஒன்று நேர் கீழே உடலில். நூலைத் துளைகளுக்குள் விட்டுக் குட்டையான நேர்த்தையலாகத் தைத்துக்கொண்டு போக வேண்டும். முனை மூடிகளுக்கும் இதே தையல்தான். இங்கே மட்டும், தையல் முடிந்த பிறகு, மூட்டுக்கோட்டின் உட்புறத்தில் மரத்தூள் கலந்த பசையை மெல்லியதாகத் தடவலாம். அது நீர் கசியாமல் அடைப்பதற்கு மட்டும்.

நான்காம் படி: தாங்கு வளைவுகள், கம்புகள், மிதவை

உள்ளே உட்காரும் தாங்கு வளைவுக்கு ‘வாஎ’ என்று பெயர். உடலின் அகலத்துக்கு ஏற்ற சிறு வளைவு, இரண்டு போதும். கொய்யாக் கிளையின் கவைகளில் இயற்கையாகவே வளைந்த துண்டு கிடைக்கும். காதுகளின் மேல் உட்கார்ந்து அசையாமல் நிற்க வேண்டும். அதன் முதுகுக்கும் மேலே வரும் குறுக்குக் கம்புக்கும் இடையில் கட்டும் நூல் நுழைய ஒரு நூல் அளவு இடைவெளி இருக்கட்டும்.

குறுக்குக் கம்பின் பெயர் ‘இயாக்கோ’. ஹாவ் மரத்தில் வேண்டிய வளைவோடு வளர்ந்த கிளையைத் தேடியே எடுப்பார்கள். நாமும் தேடலாம். பூவரசு மரத்தடியில் ஒரு காலை நேரம் செலவழித்தால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பச்சைக் கிளையைப் பட்டை உரித்து, பலகையில் ஆணிகள் அடித்து, அவற்றின் நடுவே வளைத்து இரண்டு வாரம் காயவிடுங்கள். இறுதி வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளையுங்கள், எடுத்ததும் சற்று விரியும். வள்ளத்தின் மேல் படியும் பகுதி நேர், பிறகு மெல்ல எழுந்து, மிதவையின் பக்கம் இறங்கி, நுனி மிதவையின் முதுகோடு ஒட்டிப் படுக்கும். வலப்பக்கம் விளிம்பைத் தாண்டி ஒரு அங்குலம் வெளியே நீளும். இரண்டு கம்புகளும் ஒரே வளைவில் இருப்பது முக்கியம். ஒன்று மாறினால் மிதவை முறுக்கிக்கொள்ளும்.

மிதவை ‘அமா’. கல்யாண முருங்கைக் கட்டையை உருளையாக இழைத்து, முன்முனையைக் கூர்மையாக்கி மேல்நோக்கி எழ விடுங்கள். பின்முனை எளிமையாகக் குறுகினால் போதும். மரம் பஞ்சுபோல இருப்பதால் உளி கூர்மையாக இல்லாவிட்டால் நசுங்கும். கம்பு உட்காரும் இரண்டு இடங்களிலும் முதுகைக் கொஞ்சம் தட்டையாக்கி, இரு ஓரமும் ஒரு மில்லிமீட்டர் துளையைப் பக்கத்திலிருந்து பக்கமாகப் போடுங்கள். பூச்சி எளிதாக ஏறும் மரம் என்பதால் ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை ஊற விடுங்கள்.

ஐந்தாம் படி: கயிறு

தேங்காய் நாரைத் திரித்து முறுக்குவது நம் வழக்கம். பாலினேசியரின் ‘அஹா’ வேறு. நாரைத் தொடையில் உருட்டிச் சரடாக்கி, மூன்று சரடுகளைச் சடையாகப் பின்னுவார்கள். முறுக்கிய கயிறு இழுப்பில் திரிபு விட்டுச் சுழலும். பின்னிய கயிறு சுழலாது, பட்டையாகப் படிந்து ஒன்றன் மேல் ஒன்று பிடித்துக்கொள்ளும். அவர்கள் கட்டுகளின் வலிமையே இதில்தான் இருக்கிறது. எனவே மாதிரியிலும் முறுக்கு நூலைப் பயன்படுத்தாதீர்கள்.

உண்மையான நார் இவ்வளவு சிறிய மாதிரிக்கு மிகத் தடிமன். அதற்குப் பதில் பருத்தித் தையல் நூல் மூன்று இழை. முதலில் கெட்டியான டீ டிகாஷனில் போட்டு நார் நிறத்துக்கு ஏற்றி, காயவைத்து, ஒரு ஆணியில் மாட்டிச் சடை பின்னுங்கள். எல்லாக் கட்டுக்கும் சேர்த்துப் பத்து மீட்டர் வேண்டும். மாலையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு மீட்டர் வரும். சலிப்பாகத் தோன்றினாலும் விடாதீர்கள். பின்னிய நூலைத் தேன்மெழுகுக் கட்டியின் மேல் இரண்டு முறை இழுங்கள்.

ஆறாம் படி: கட்டு

வள்ளத்தைத் தொட்டிலில் வைத்து, அதே மட்டத்துக்கு மிதவைக்கு ஒரு மேடை செய்யுங்கள். கம்புகளை இடத்தில் வைத்து, முகப்பிலிருந்து இரண்டு கம்பு நுனிகளுக்கும் குறுக்கு அளவு எடுத்துச் சரிபாருங்கள். மிதவை உடலுக்கு இணையாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கம்புக்கும் உடலில் இரண்டு கட்டு, இடவிளிம்பின் உட்புறம் ஒன்று, வலவிளிம்பின் உட்புறம் ஒன்று. ஒரு மீட்டர் நூலை எடுத்து, நுனியைத் தாங்கு வளைவில் ஒரு சுருக்கு முடிச்சால் பிடியுங்கள். நூல் கம்பின் மேலே ஏறி, மறுபுறம் இறங்கி, தாங்கு வளைவின் அடியில் புகுந்து மீண்டும் ஏற வேண்டும். இப்படி எட்டுச் சுற்று. சுற்றுகள் பக்கம் பக்கமாகப் படிய வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் இழுப்பு ஒரே அளவு. இடக்கைக் கட்டைவிரலால் முந்தின சுற்றை அழுத்திக்கொண்டே வலக்கை இழுக்க வேண்டும்.

எட்டுச் சுற்று முடிந்ததும் கட்டு பாதி முடிந்திருக்கிறது. இப்போது நூலைத் திசை மாற்றி, கம்புக்கும் தாங்கு வளைவுக்கும் நடுவில் நிற்கும் அந்த எட்டுச் சுற்றின் இழைகளையும் இடுப்பைச் சுற்றுவதுபோல நாலு முறை சுற்றி இறுக்குங்கள். முதல் சுற்றுகள் எவ்வளவு இறுகியிருந்தாலும் இந்த இறுக்குச் சுற்றில் இன்னும் ஒரு மடங்கு இறுகும். நூலை விரலால் சுண்டினால் வீணைத் தந்திபோல ஒலிக்க வேண்டும், தொளதொளத்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள். கடைசி நுனியை இறுக்குச் சுற்றுகளுக்கு அடியில் ஊசியால் நுழைத்து இழுத்து வெட்டிவிடுங்கள். முடிச்சு வெளியே தெரியாது.

மிதவைக் கட்டும் இதேதான். தாங்கு வளைவுக்குப் பதில் மிதவையின் துளைகளுக்குள் நூல் போய் வரும், அவ்வளவே. இரண்டு துளைக்கும் மாறி மாறிப் போனால் கம்பின் முதுகில் குறுக்குப் பின்னல் விழும். ஹவாயில் கம்புக் கட்டுகளில் பெயர் பெற்றது ‘பாஊ ஓ லூஉக்கியா’, அதாவது லூஉக்கியாவின் பாவாடை. பழங்கதையில் வரும் ஓர் அரச குலப் பெண்ணின் பெயரால் அமைந்த அழகிய பின்னல் கட்டு. அதைப் பிறகு படிப்படியாகப் படியுங்கள். முதல் மாதிரிக்கு இந்த எளிய கட்டே தகும்.

ஆறு கட்டுகளும் முடிந்ததும் வள்ளத்தை ஒரு கையிலும் மிதவையை ஒரு கையிலும் பிடித்து மெல்ல அசையுங்கள். கம்பு லேசாக வளையும், கட்டு கொஞ்சம் கொடுத்து மறுபடி தன் இடத்துக்கு வரும். அலை மிதவையைத் தூக்கும்போது உண்மை வள்ளத்தில் நடப்பது இதுதான். ஆணி அடித்திருந்தால் அந்த இடத்தில் மரம் வெடித்திருக்கும். இன்றும் ஹவாயின் ஆறு பேர் பந்தய வள்ளங்களில், உடல் கண்ணாடியிழையால் ஆனதாக இருந்தாலும், மிதவையைக் கயிற்றாலோ ரப்பர் பட்டையாலோ கட்டியே சேர்க்கிறார்கள். 1952 இல் தொடங்கிய மொலோக்காயி–ஓவாஹூ கால்வாய்ப் பந்தயத்துக்குப் போகும் வள்ளங்களும் இப்படிக் கட்டுண்டே போகின்றன.

ஏழாம் படி: நிறம்

உடலின் கறுப்புக்கு ஹவாயில் செடிச்சாறுகளையும் கரியையும் குழைத்துப் பூசினார்கள். விளிம்பும் முனைகளும் மஞ்சளாகவே இருக்கும். அந்த இரு நிறம்தான் வள்ளத்தின் முகம். நாம் அகல்விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்த கரியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத் துணியால் தேய்க்கலாம். பளபளப்பு வேண்டாம். மூன்று மெல்லிய பூச்சு, இடையில் இரண்டு நாள். உண்மையில் விளிம்பைத் தைப்பதற்கு முன்பே உடலைக் கறுப்பாக்கிவிடுவது வசதி, நூலில் கரி ஏறாது. கம்புக்கும் விளிம்புக்கும் வெறும் எண்ணெய். வார்னிஷ் பூசினால் நெகிழிப் பொம்மையின் தோற்றம் வந்துவிடும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

துடுப்பும் மற்றவையும்

துடுப்பு ‘ஹோஎ’, 5 அங்குலம், அலகு அகன்ற நீள்வட்டம். மூன்று போதும். நீர் இறைக்கும் அகப்பை ஒன்று, பெயர் ‘கா’. இருக்கைப் பலகைகள் மூன்று. பாய்மரம் இந்த முறை வேண்டாம். தாழை மடலைச் சீவி மெல்லியதாக முடையக் கற்ற பிறகு தனியாகச் செய்யலாம்.

எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு அகன்ற அண்டாவில் நீர் நிரப்பி மிதக்க விடுங்கள். மிதவை நீரைத் தொட்டபடி இருக்க வேண்டும். மிதவை காற்றில் நின்றால் கம்பின் வளைவு போதவில்லை. உடல் வலப்பக்கம் சாய்ந்து நின்றால் மிதவை அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது. மிதவையின் கட்டுகளைப் பிரித்து, கம்புக்கும் மிதவைக்கும் நடுவே உள்ள இருக்கையைச் சீவியோ மெல்லிய துண்டு வைத்தோ சரிசெய்து மீண்டும் கட்டலாம். பசை போடாததால் இதைச் செய்ய முடிகிறது.

மழைக்காலம் முடிந்து கோடை தொடங்கும்போது மரம் சுருங்கும், கட்டு தளரும். ஆறு கட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பாருங்கள். ஒலி மங்கிய கட்டின் இறுக்குச் சுற்றுகளை மட்டும் அவிழ்த்து, ஒரு சுற்றுக் கூட்டி இறுக்குங்கள்.